மழையில்லாத நாளில் வந்த தண்ணீர்

அந்தத் தெருவில் அவளைக் கரண்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். குள்ளமான உருவம், தோளில் அலுமினிய ஏணி, கொண்டையில் ஊசிக்குப் பதிலாக, கரண்ட் இருந்தால் விளக்கு எரியும் டெஸ்டர் ஒன்று. "இடி விழுந்தா முதல்ல உன் தலையிலதான் விழும்" என்று அவளுடைய கணவர் கிண்டல் செய்வார். அவர் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர். "நீங்க கிழிச்சது போதும், சும்மா இருங்க" என்பாள் அவள்.

பயிற்சிப் பள்ளியில் வயரிங் படித்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். ஆரம்பத்தில் யாரும் அவளை நம்பி ஒரு பல்பைக் கூடக் கழற்றக் கொடுக்கவில்லை. ஆனால் ஆண்கள் வேலைக்குப் போன பகலில் மின்விசிறி நின்றுவிட்டால், வீட்டிலிருந்த பெண்களுக்குக் கூப்பிடு தூரத்தில் அவள்தான் இருந்தாள். அப்படியே ஒவ்வொரு வீடாக உள்ளே போய்விட்டாள்.

துறைமுகத்துக்குப் பின்னால், மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் ஒரே ஒப்பந்தக்காரர் கட்டிய தெரு அது. எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்தவர் எந்த வீட்டிலும் நடக்கலாம். பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் கணுக்கால் உயரத்தில். அழைப்பு மணிக்கான வயரை வாசல்படிக்கு அடியில் குழாய் போட்டு அதற்குள் இழுத்திருந்தார்கள். தெருவின் மேட்டுப் பக்கம், ஒரு வீட்டின் மாடியில் கரண்ட் அக்காவும் கணவரும் வாடகைக்கு இருந்தார்கள். கடல் பக்கத்துக் கடைசி வீட்டில் இருந்தது அவளுடைய நாத்தனார். கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், நூல் ஆலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர், முட்டிவலிக்காரர், வாய் மட்டும் வலிக்காதவர். அவரை அண்ணி என்று கூப்பிடுவாள்.

முதல் தடவை அது வந்தது ஒரு நண்பகலில்.

அவள் தையற்காரரின் கடையில் ஏணி மேல் நின்று விசிறியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் ஒரு வீட்டின் அழைப்பு மணி அடித்தது. யாரோ விரலை எடுக்காமல் அழுத்துவது போல, விடாமல் அடித்தது. அது ஓய்வதற்குள் பக்கத்து வீட்டு மணி. பிறகு எதிர் வீடு.

"பசங்க சேட்டையா இருக்கும்" என்றார் தையற்காரர்.

"பசங்க எல்லாம் ஸ்கூல்லதானே இருக்காங்க" என்றாள் அவள்.

ஏணியின் மேலிருந்து அவளுக்குத் தெரு முழுக்கத் தெரிந்தது. வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கிடந்தது. மேகம் இல்லை. காற்று இல்லை. ஒரு ஆள் இல்லை. ஆனால் மணிகள் இரண்டு பக்கமும் வீடு வீடாக அடித்துக்கொண்டு மேட்டை நோக்கி வந்தன, கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒவ்வொரு வாசலிலும் நின்று அழைப்பது போல. கதவுகள் திறந்தன. ஈரக் கையோடும் தலையில் துண்டோடும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் யாரும் இல்லை. "யாரு? யாருங்க?" என்று வெறும் வெயிலைப் பார்த்துக் கேட்டார்கள்.

தையற்காரர்தான் முதலில் குனிந்து பார்த்தார். அவருடைய பாதம் நனைந்திருந்தது.

தண்ணீர் சத்தமே போடாமல் வந்திருந்தது. அலை இல்லை, நுரை இல்லை, ஓட்டம் கூட இல்லை. சாக்கடை மூடியின் ஓட்டைகள் வழியாக, பால் பொங்குவதற்கு முன் மெல்ல எழும்புமே, அப்படி எழும்பித் தெருவில் பரவியது. கலங்கலாகக் கூட இல்லை. அடியில் கிடந்த பாட்டில் மூடி பளிச்சென்று தெரிந்தது. கரண்ட் அக்கா இறங்கி வந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு.

அண்ணி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "யாருடி இது? பெல்லை அடிச்சிட்டு ஆளைக் காணோம், தண்ணியை மட்டும் அனுப்பி வெச்சிருக்கான்!"

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வந்த வழியே தண்ணீர் இறங்கிப் போய்விட்டது. சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. வாசல்படிக்கு அடியில் இருந்த வயர் இணைப்புகளில் உப்புத் தண்ணீர் புகுந்துதான் மணிகள் அடித்தன என்று அவள் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனாலும் அன்று மாலை பலர் மணியின் வயரையே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

பைப் வெடித்திருக்கும் என்றார்கள். கப்பல் எதுவோ திரும்பியிருக்கும் என்றார்கள். அடுத்த பௌர்ணமியை ஒட்டி மறுபடியும் வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த தடவை வந்தபோது பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்கள். மனிதனுக்கு எதுவும் பழகிவிடும் என்பதுதான் அந்தத் தெருவில் நடந்தவற்றிலேயே பயங்கரமானது. எலிகளுக்குப் பழகவில்லை. அவை மாடிப்படிகளில் பகலிலேயே வரிசையாக வந்து உட்கார ஆரம்பித்தன. ஆளைக் கண்டால் ஓடவும் இல்லை.

இஸ்திரிக்காரர் இறந்தது அந்த வருடக் கடைசியில்.

தெரு நடுவில் அவருக்கு ஒரு சின்னக் கடை. சட்டைப் பையில் யாராவது எதையாவது மறந்து வைத்திருந்தால் அதை ஒரு காகிதத்தில் சுற்றி, துணியோடு சேர்த்துக் கொடுப்பார். ஒரு தடவை கரண்ட் அக்காவின் கணவர் பையில் பல் குச்சி இருந்ததற்கு அதையும் மடித்துக் கொடுத்தார். "பரம்பரைச் சொத்து, பத்திரமா வெச்சுக்கச் சொல்லு" என்று சிரித்தார்.

அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பித் தெருவில் இறங்கியபோது தண்ணீர் பாதித் தெரு வரை வந்திருந்தது. தண்ணீரின் விளிம்பில் தையற்காரரின் நாய் நின்றது. தண்ணீர் வரும்போதெல்லாம் அதில் குதித்து விளையாடுகிற நாய். அன்று பிடரி மயிர் சிலிர்த்து, குரைக்காமல், தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டு நின்றது. அவள் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவினாள். குனிந்து அதன் நுனியைத் தெருத் தண்ணீரில் வைத்தாள்.

உள்ளே இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

"யாரும் கீழ கால் வைக்காதீங்க! நிக்கிற இடத்துலயே நில்லுங்க! கட்டில் மேல ஏறுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜன்னல்கள் திறந்தன. மேட்டில் இருந்த மின்பெட்டிக்கு ஓடி, பூட்டை உடைத்து, மொத்தத் தெருவின் ஃபியூஸையும் பிடுங்கினாள். தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசிறி, டி.வி., மாவு மெஷின் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. பிறகுதான் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

இஸ்திரிக்காரர் மேஜை மேல் சாய்ந்து நின்றபடியே இருந்தார், அசதியில் கண் அசந்தவர் போல. கையில் இஸ்திரிப் பெட்டி. அதற்கடியில் ஒரு நீலச் சட்டை, பெட்டியின் வடிவத்திலேயே கருகி ஓட்டையாகியிருந்தது. தரையில் கிடந்த பிளக் பெட்டி தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. தண்ணீர் வடிய ஆரம்பித்தபோது அவருடைய செருப்புகள் இரண்டும் ஜோடியாக வாசலைத் தாண்டி, தெருவில் நடப்பது போல மெதுவாக மிதந்து, சாக்கடை மூடி வரை போய் நின்றன.

காரியங்கள் முடிந்த மறுநாள் அவள் துறைமுக அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த இன்ஜினியர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கரண்ட் அக்கா சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள். ஆனால் அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் வர்றேன். உங்க ஆளுங்களைக் கூப்பிட்டு வைங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தையற்காரரின் கடை முன்னால் தெருவே கூடியது. அண்ணிக்கு மட்டும் நாற்காலி.

"மழையே இல்லாம எப்படிம்மா வெள்ளம் வரும்?" என்று தையற்காரர் ஆரம்பித்தார்.

"இது வெள்ளம் இல்லைங்க. கடல்தான்" என்றார் இன்ஜினியர். "பூமி சூடாகிட்டு வருது. அந்தச் சூட்டுல பெரும்பகுதியைக் கடல்தான் வாங்கிக்குது. தண்ணி சூடானா விரியும். தரையில இருக்கிற பனியும் உருகி அதுல சேருது. உங்க சாக்கடையைப் போட்ட காலத்துல அதோட வாய் கடலுக்கு மேல இருந்துச்சு. இப்ப அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துல கடல் அதுக்கு மேல போயிடுது. அதான் சாக்கடை வெளிய போற வழியிலயே கடல் உள்ள வருது. உங்க மண்ணும் வேற, கொட்டின மண். கொஞ்சம் கொஞ்சமா அமுங்குது."

"அப்ப நாம புகை விடுறதை நிறுத்திட்டா கடல் இறங்கிடுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"இறங்காது. ஏறுற வேகம் குறையும். அது உங்க பேரப்பிள்ளைங்களுக்குப் பெரிய வித்தியாசம். அதனால அதைச் செய்யத்தான் வேணும். ஆனா உங்க தெருவுக்கு அது மட்டும் போதாது."

"சுவர் கட்டுங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"கட்டலாம். ஆனா தண்ணி சுவரைத் தாண்டி வரலையே? கீழேருந்து வருது. சாக்கடை வாய்ல ஒருவழிக் கதவு போடலாம். தண்ணி வெளிய போகும், உள்ள வராது. அது கொஞ்ச வருஷம் தாங்கும். எத்தனை வருஷம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அந்த வருஷங்களைத் தூங்கிக் கழிச்சிடாதீங்க. மேட்டுல இடம் பாருங்க. ஒண்ணாப் போறதா இருந்தா நான் உங்களுக்காகக் கேட்டுப் பார்க்கிறேன்."

அவ்வளவுதான், கூட்டம் பொங்கியது. எங்களைக் காலி பண்ண வந்தியா என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். இன்ஜினியர் முகம் வெளிறிப் போனாலும் எழுந்து போகவில்லை. கடைசியில் அண்ணி நாற்காலியில் இருந்தபடியே, "அந்தப் பொண்ணு என்ன கடலைக் கையில பிடிச்சா கூட்டிட்டு வந்துச்சு? உக்காருங்கப்பா" என்றார். பிறகு இன்ஜினியரைப் பார்த்து, "ஆனா நான் எங்கயும் வரமாட்டேன். அதையும் எழுதிக்க" என்றார்.

அடுத்த மாதங்களில் கரண்ட் அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. எந்தெந்த நாள் கடல் அதிகம் ஏறும் என்று இன்ஜினியர் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவார். அந்த நாட்களில் வேலை கிடையாது. மற்ற நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் கீழே இருந்த பிளக் பாயின்ட்டுகளைப் பிடுங்கி முகத்து உயரத்துக்கு ஏற்றினாள். மீட்டர்களை மாடிப்படிக்கு மேலே கொண்டுபோனாள். மின்கசிவு இருந்தால் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்திவிடும் டிரிப் சுவிட்சை வீடு தவறாமல் வைத்தாள். ஃபிரிட்ஜ்கள் சிமென்ட் மேடைகளில் ஏறி நின்றன. தெருவுக்குள் புதிதாக வருபவர்களுக்கு அந்த வீடுகளைப் பார்த்தால் என்னவோ செய்யும். வயர்கள் எல்லாம் மேலேயே ஓடின, கட்டில்கள் செங்கல் மேல் நின்றன, கீழ்ப்பாதிச் சுவர் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. வேறு யாரோ வாழ்வதற்காகக் கீழ்ப்பாதியை ஒழித்துக் கொடுத்துவிட்ட மாதிரி.

ஒருவழிக் கதவும் வந்தது. கனமான ரப்பர் மூடி. அது வந்த பிறகு தெருவில் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. பௌர்ணமி நாட்களில் சாக்கடைக்குள்ளிருந்து, யாரோ உள்ளிருந்து தோளால் முட்டுவது போலத் தட் தட்டென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தமும் பழகிவிட்டது. இடையில் ஒரு வருடம் போனது, இன்னொன்றும் போனது. மேட்டில் இடம் பார்க்கும் பேச்சு சூடு ஆறியது. இரண்டு மூன்று குடும்பங்கள் மட்டும் காதும் காதும் வைத்த மாதிரி வீடு மாறிப் போயின. தெருக்கோடியில் இருந்த பெரிய மரம் நுனி இலையிலிருந்து கருகத் தொடங்கி, நின்ற நிலையிலேயே செத்தது. அதில் ஒரு பறவை கூட உட்காருவதில்லை என்பதை அண்ணிதான் முதலில் கவனித்தார்.

"வேருக்குக் கீழ உப்பு வந்திருச்சு அண்ணி. மேல வர எவ்ளோ நேரம் ஆகும்? எங்க வீட்டுக்கு வந்திருங்க" என்றாள் கரண்ட் அக்கா.

"உன் வீட்டு மாடிப்படியை என் முட்டி ஏறுமா? ஏணியில தூக்கிட்டுப் போவியா?"

"தூக்கிட்டுத்தான் போவேன்."

"போடி, போய் ஃபியூஸைப் போடு."

அதன் பிறகு ஒரு நாள் பிற்பகல். ஏற்றம் உண்டு என்று முன்பே தெரிந்த நாள்தான். ஒருவழிக் கதவு இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணி. குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. அதுதான் அவளுக்குத் திக்கென்றது.

"ஏய், கதவு திறக்க மாட்டேங்குதுடி."

கருவிப் பையோடு அவளும் கணவரும் ஓடினார்கள். தெரு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் அண்ணி வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மண் அமுங்கித் தெருவைவிடத் தாழ்ந்துபோன கூடத்தில் குளம் போலத் தண்ணீர் நின்றது. தரைக்கற்கள் பெயர்ந்து மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தன. சாக்கடை வழியை அடைத்ததும் அது மண்ணுக்குள்ளேயே ஊறி ஊறி வந்து, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியிருந்தது. உப்பில் ஊறிய மரக்கதவு வீங்கி நிலையோடு இறுகிவிட்டது. டிரிப் சுவிட்ச் விழுந்திருந்ததால் கரண்ட் இல்லை. நடுக்கூடத்துக் கட்டிலில், இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். மெத்தையின் விளிம்பு நனைந்துகொண்டிருந்தது.

"அக்கா!" என்று கணவர் அலறினார். ஜன்னல் கம்பியை அறுத்து, கரண்ட் அக்கா உள்ளே குதித்து, அண்ணியைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக வெளியே கொடுத்தாள்.

மேட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அண்ணி இரண்டு காலையும் மேலே தூக்கியே வைத்திருந்தார். குடிக்கக் கொடுத்த டம்ளரை வாங்காமல் தள்ளி வைத்தார்.

"பயந்துட்டீங்களா அண்ணி?"

"தண்ணியைப் பார்த்துப் பயப்படலைடி." ஈரப் புடவை நுனியைப் பிழிந்தார். "அது வந்தது எனக்குத் தெரியும். கல்லு நெட்டிக்கிட்டு வந்தப்பவே பார்த்தேன். பார்த்துட்டு, காலைத் தூக்கி மேல வெச்சுக்கிட்டு, துணியை மடிச்சுக்கிட்டு இருந்தேன். எவ்ளோ நேரம் அப்படி இருந்தேன்னு எனக்கே தெரியலை. பாத்ரூம் போகணும்னு தோணுச்சு, அதனால எழுந்தேன். எழுந்தப்புறம்தான் வாசக் கதவை இழுத்துப் பார்த்தேன், உனக்குப் போன் பண்ணேன். இல்லாட்டி அப்படியே உக்காந்திருப்பேன். ஏன்டி அப்படி இருந்தேன்? எனக்கு என்ன ஆச்சு?"

தெரு முழுக்கவே அப்படித்தானே உட்கார்ந்திருந்தது என்று கரண்ட் அக்கா நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியை அண்ணி விடவில்லை. தம்பி வீட்டுக் கீழ்ப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் எல்லாரையும் நிறுத்தி, நடந்ததைச் சொன்னார். வெட்கப்படாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இன்ஜினியர் ஒரு மணி நேரம் பேசி நடக்காதது, அண்ணி காலைத் தூக்கி வைத்துக்கொண்ட கதையில் நடந்தது. மேட்டில், பழைய சரக்குக் கிடங்குக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்துக்காகத் தெரு சேர்ந்து கேட்டது. இன்ஜினியரும் கூடவே அலைந்தார். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. கிடைத்த வீடுகள் சின்னவை. கடலில் பிழைப்பவர்களுக்குத் தூரம் கூடியது. ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு ஊரையே விட்டுப் போனது. தையற்காரர் எங்கும் வரமாட்டேன் என்று தன் கடையின் மாடியிலேயே தங்கிவிட்டார். கடல் இப்போது கரையையும் ஒருவழிக் கதவையும் தாண்டித் தெருவுக்கே வருவதால், ஏற்றம் வரும் நாளில் மேட்டுக்குப் பலகை போட்டு நடக்கிறார். வாடிக்கையாளர்கள் துணியைக் கூடையில் போட்டு அனுப்புகிறார்கள். அவரைக் குறை சொல்லிக் கரண்ட் அக்கா ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவருடைய டிரிப் சுவிட்சை மட்டும் அடிக்கடி போய்ச் சோதித்துவிட்டு வருவாள்.

ஒவ்வொரு வீடும் காலியாகும்போது கடைசியாக உள்ளே போய் வெளியே வருவது அவளாகத்தான் இருந்தது. மீட்டரைக் கழற்ற வேண்டும், வயர் முனைகளை மூடிக்கட்ட வேண்டும். ஆள் இல்லாத அறைகளில் தரைக்கற்களுக்கு அடியில் ஏதோ வாய் திறந்து மூடுவது போல மெல்லச் சத்தம் வரும். அவள் சத்தமாகத் தன்னோடு தானே பேசிக்கொண்டு வேலை செய்வாள். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எதையாவது வம்புக்கு இழுப்பாள். அவர் புரிந்துகொண்டு திருப்பிச் சண்டை போடுவார்.

புது வீடுகளில் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள், வெயில் கொஞ்சமாவது திரும்பிப் போகட்டும் என்று. தெரு இன்னும் தெருவாக ஆகவில்லை. மரங்கள் முழங்கால் உயரம்தான். அண்ணிக்குத் தரைத்தளத்தில், படியே இல்லாத வீடு. இப்போது கரண்ட் அக்காவைத் துறைமுகத்தை ஒட்டிய மற்றத் தெருக்களுக்கும் கூப்பிடுகிறார்கள், தண்ணீர் வருவதற்கு முன்பே பாயின்ட்டுகளை ஏற்றி வைக்க. சில வீடுகளில், "இங்க எல்லாம் வராதும்மா" என்று கதவைச் சாத்துவார்கள். அவள் வாதாட மாட்டாள். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

போன பௌர்ணமியன்று அண்ணி பழைய தெருவைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் கூட்டிக்கொண்டு போனாள். மேட்டு விளிம்பில் நின்றார்கள். பளீரென்ற வெயில். தெரு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கண்ணாடி போலத் தண்ணீர் அசையாமல் நின்றது. அதில் வீடுகள் தலைகீழாகத் தெரிந்தன. சின்னச் சின்ன வெள்ளி மீன்கள் கூட்டமாக நடுத்தெருவில் வந்தன. அண்ணி வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு கணம் நின்றன. பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பி, வழி தெரிந்தவை போல உள்ளே போயின.

அண்ணி நெடுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடி வந்துட்டாங்க" என்றார். பிறகு தம்பி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா நடடி, என் முட்டியும் கூட வரணும்" என்றபடி மேட்டில் ஏறத் தொடங்கினார்.